ஆறு சிலை, ஐந்து தொப்பி: பல நாட்டுக் கதைகளால் குழந்தைகளுக்கு இரக்கம் பழக்குவது எப்படி

கதை முடிந்ததும் "சரி, இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?" என்று கேட்கும் பழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். பாடப் புத்தகத்தில் கதைக்குக் கீழே "நீதி" என்று அச்சடித்துக் கொடுத்தே வளர்த்ததால் நமக்கெல்லாம் அது நாக்கோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. குழந்தை என்ன செய்யும்? நாம் எதிர்பார்க்கிற பதிலைக் கண்டுபிடித்து "எல்லாருக்கும் உதவி செய்யணும்" என்று ஒப்பிக்கும், அடுத்த நிமிஷமே தம்பி கையிலிருந்து பொம்மையைப் பிடுங்கும். கதைக்குள் ஒரு ஆள் கொடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கிற இடம் ஒன்று இருக்கும். குழந்தையை அந்த இடத்தில் நிற்கவைக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு கதையை வைத்தே சொல்கிறேன். ஜப்பானில் 'கசா ஜிஸோ' என்று ஒரு நாட்டுப்புறக் கதை. ஏழைக் கிழவர், அவர் மனைவி. மறுநாள் புத்தாண்டு, வீட்டில் மோச்சி செய்யக்கூட வழியில்லை. (மோச்சி என்பது பசையுள்ள அரிசியை வேகவைத்து இடித்துச் செய்வது. அரிசி என்றதும் நம் பிள்ளைகளுக்கு அந்த வீடு சட்டென்று பக்கத்தில் வந்துவிடும்.) வெயிலுக்கும் பனிக்கும் தலையில் போட்டுக்கொள்கிற கோரைத் தொப்பி ஐந்து பின்னி எடுத்துக்கொண்டு கிழவர் சந்தைக்குப் போகிறார். ஒன்றுகூட விற்கவில்லை. திரும்பி வரும்போது பனி கொட்டுகிறது, வழியோரம் ஆறு ஜிஸோ சிலைகள் வெட்டவெளியில் நிற்கின்றன. ஜிஸோ ஜப்பானியப் பௌத்தத்தில் குழந்தைகளையும் வழிப்போக்கர்களையும் காப்பவர், இன்றைக்கும் அங்கே சாலையோரங்களில் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய சின்னக் கற்சிலைகளாக அவரைப் பார்க்கலாம். கிழவர் ஒவ்வொரு சிலையின் தலையிலும் படிந்த பனியைத் தட்டிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டே வருகிறார். ஐந்தும் தீர்ந்துவிட்டது. ஆறாவது சிலை நிற்கிறது.

இங்கே நிறுத்துங்கள். ஒன்றும் கேட்காமல் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள், குழந்தையே ஆரம்பிக்கும். ரெண்டு சிலைக்கு ஒரே தொப்பி போடலாம் என்று ஒன்று சொல்லும், வீட்டுக்குப் போய் இன்னொன்று பின்னிக்கொண்டு வரட்டும் என்று இன்னொன்று. "சிலைக்குத்தான் குளிராதே!" என்று ஒரு குழந்தை நிச்சயம் சொல்லும். அதை மறுக்காதீர்கள், அதுதான் இருப்பதிலேயே நல்ல கேள்வி. குளிராதுதான், ஆனால் அந்தத் தாத்தாவுக்கு ஏன் அப்படியே விட்டுவிட்டுப் போக முடியவில்லை? இதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் கதையைத் தொடருங்கள். கிழவர் தன் தலையில் இருந்ததைக் கழற்றி ஆறாவது சிலைக்குக் கட்டிவிட்டு வெறுந்தலையோடு வீடு வந்து சேர்கிறார். சிலர் இதைத் தொப்பி என்பார்கள், சிலர் தலையில் கட்டிய துண்டு என்பார்கள், எப்படிச் சொன்னாலும் சரிதான். அரிசி வாங்கப் போனவர் வெறுங்கையோடு வந்து நிற்கிறார், மனைவி என்ன சொல்வாள்? இங்கேயும் ஒரு முறை நிறுத்துங்கள். "நல்ல காரியம் பண்ணினீங்க" என்கிறாள் அவள். என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் உயிர் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

அன்று ராத்திரி எதையோ இழுத்துவரும் சத்தம் கேட்கிறது, கதவைத் திறந்தால் வாசலில் அரிசி, மோச்சி, மீன், காய்கறி எல்லாம் குவிந்திருக்கிறது, தொப்பி போட்ட ஆறு உருவங்கள் பனியில் நடந்து போய்க்கொண்டிருக்கின்றன. பிள்ளைகளுக்கு இந்தக் கட்டம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது: உதவினால் பரிசு கிடைக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் முதல் நாள் மனைவி சொன்ன வரியோடு கதையை முடித்து விளக்கை அணைத்துவிடுங்கள். சிலைகள் வந்த கதை அடுத்த நாள் ராத்திரிக்கு. ஒரு நாள் முழுக்க அந்தக் கிழவரும் கிழவியும் பரிசு எதுவும் இல்லாமலே குழந்தையின் மனதில் இருப்பார்கள், அந்த ஒரு நாள் ரொம்ப முக்கியம். கொஞ்சம் அடம்பிடிக்கத்தான் செய்யும், பரவாயில்லை.

"இதுக்கு ஜப்பான் வரைக்கும் போகணுமா, நம்மகிட்ட இல்லாததா?" என்று பாட்டி கேட்டால், நியாயமான கேள்விதான். மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையைக் கொடுத்த பேகன் நம்மிடம் இருக்கிறான். அந்த மயில் போர்வையை உடுத்தவோ போர்த்தவோ போவதில்லை என்று தெரிந்தும் கொடுத்தான் என்று புறநானூற்றில் பரணர் பாடுகிறார். மறுமையில் பலன் கிடைக்கும் என்றா கொடுத்தான், பிறருடைய வறுமையைப் பார்த்துத்தானே கொடுத்தான் என்று அந்தப் பாட்டு முடிகிறது. கற்சிலைக்குத் தொப்பி போட்ட ஜப்பான் தாத்தாவையும் மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனையும் அடுத்தடுத்த நாள் சொல்லிப் பாருங்கள், இரண்டு பேரும் ஒரே மாதிரி ஆளுங்கதான் என்று குழந்தையே கண்டுபிடித்துச் சொல்லும்போது உங்களுக்கே சந்தோஷமாக இருக்கும். வேறு நாட்டுக் கதைகளைச் சொல்வது இதற்காகத்தான். வேறு உடை, வேறு சாப்பாடு, வேறு சாமி, ஆனால் மனசு நமக்குத் தெரிந்த மனசு.

கதைகளைத் தேர்ந்தெடுக்கும்போது

ஒரு விஷயத்தை மட்டும் விடாமல் பாருங்கள். அந்த வேற்று நாட்டு மனிதர் கதையில் உதவி வாங்குகிறவராக மட்டும் வருகிறாரா, கொடுக்கிறவராகவும் வருகிறாரா? "ஐயோ பாவம், ஏழை நாட்டுக் குழந்தை, நாம் உதவுவோம்" என்கிற கதைகளையே கேட்டு வளரும் பிள்ளைக்குப் பரிதாபப்படத் தெரியும், மதிக்கத் தெரியாது.

வயதுக்கு ஏற்ற மாதிரி நான் சொல்கிற கதைகள் சில. மூன்று, நான்கு வயதுக்கு உக்ரைன் நாட்டுக் 'கையுறை' கதை. காட்டில் ஒரு தாத்தா பனியில் தன் கம்பளிக் கையுறையைத் தவறவிடுகிறார். எலி வந்து உள்ளே புகுந்துகொள்கிறது, அப்புறம் தவளை, முயல், நரி, ஓநாய், காட்டுப்பன்றி என்று ஒவ்வொன்றாக வந்து "எனக்கும் இடம் இருக்கா?" என்று கேட்க, கடைசியில் கரடிவரை உள்ளே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. கையுறையைப் பார்த்தே இராத நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு போர்வையை விரித்து, ஒவ்வொருவராக உள்ளே வரச் சொல்லி விளையாட்டாகவே நடத்திவிடலாம். "இடம் இல்லை, ஆனாலும் வா" என்று அவர்களே சொல்ல ஆரம்பிப்பார்கள். விளக்கம் ஒன்றுமே வேண்டாம்.

ஐந்து, ஆறு வயதுக்கு அனான்சி. கானா நாட்டு அகான் மக்களின் கதைகளில் வரும் தந்திரக்காரச் சிலந்தி அது. அடிமைகளாகக் கப்பலில் கொண்டுபோகப்பட்டவர்கள் அந்தக் கதைகளையும் மனதில் சுமந்துகொண்டு போனதால் இன்றைக்கு ஜமைக்காவிலும் அனான்சி இருக்கிறான். ஒரு நாள் அனான்சி வள்ளிக்கிழங்கு சமைத்துத் தட்டில் போடும் நேரம் பார்த்து, களைத்துப்போன ஆமை ஒன்று வாசலில் வந்து நிற்கிறது. விருந்தாளியைத் துரத்த முடியாது, பகிரவும் மனசில்லை. "கையைக் கழுவிட்டு வா" என்கிறான். ஆமை ஆற்றுக்குப் போய்க் கழுவிக்கொண்டு வந்தால், நாலு காலில் ஊர்ந்து வந்ததில் கை மறுபடியும் மண். "இன்னும் அழுக்கா இருக்கே, போய்க் கழுவு." இப்படியே கிழங்கு தீர்ந்துவிடுகிறது. பிள்ளைகள் முதலில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மூன்றாவது முறை ஆமை திரும்பி வருவதை மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள், சிரிப்பு தானாகக் குறையும். நேராகத் திட்டாமல், அடிக்காமல், விதிமுறை சொல்லியே ஒருவரை ஒதுக்க முடியும் என்பது இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பறையில் நன்றாகத் தெரிந்த விஷயம். "நீ சிவப்பு சட்டை போடலை, அதனால ஆட்டத்துல இல்லை" என்பதும் அதேதானே. கதையின் இரண்டாம் பாதியில் ஆமை அனான்சியை ஆற்றுக்கடியில் இருக்கும் தன் வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிடும். எடையில்லாத சிலந்தி மூழ்குவதற்காகக் கோட்டுப் பையில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு போகும், "சாப்பிடும்போது கோட்டைக் கழற்றணும்" என்று ஆமை சொல்ல, கழற்றியதும் மேலே மிதந்துவிடும். இது பழிவாங்கல். ஆமை செய்தது சரியா என்று விவாதிக்க விடுங்கள், சரி என்று சொல்கிற குழந்தையையும் முழுசாகப் பேசவிடுங்கள்.

ஏழு வயதுக்கு மேல் கொரியாவின் ஹுங்பு, நோல்பு கதை. அண்ணன் நோல்பு சொத்தையெல்லாம் வைத்துக்கொண்டு தம்பி குடும்பத்தை வெளியே தள்ளிவிடுகிறான். கால் ஒடிந்த தகைவிலான் குருவிக் குஞ்சு ஒன்றுக்குத் தம்பி ஹுங்பு கட்டுப்போட்டுக் காப்பாற்றுகிறான். அது மறு வருஷம் சுரை விதை கொண்டுவந்து போடுகிறது, காய்த்த சுரைக்காயைப் பிளந்தால் உள்ளே செல்வம். இதைக் கேள்விப்பட்ட நோல்பு என்ன செய்கிறான் தெரியுமா? ஒரு தகைவிலானைப் பிடித்து, தானே அதன் காலை ஒடித்து, தானே கட்டுப்போடுகிறான். இங்கே நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணனும் கட்டுப்போட்டான், தம்பியும் கட்டுப்போட்டான், என்ன வித்தியாசம்?" செயலுக்குப் பின்னால் இருக்கும் எண்ணத்தை எட்டு வயதுக் குழந்தை இவ்வளவு தெளிவாகப் பார்க்கிற கதை வேறொன்று எனக்குத் தெரியாது. நோல்புவின் சுரைக்காய்களிலிருந்து கேடுதான் வந்து சேர்கிறது, எல்லாவற்றையும் இழந்து நிற்கும் அண்ணனைத் தம்பி சேர்த்துக்கொள்கிறான். அந்த முடிவை விட்டுவிடாதீர்கள், 'நல்லா வேணும் அவனுக்கு' என்பதோடு நிறுத்தினால் கதை பாதிதான்.

கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட ஜெர்மானியத் தொகுப்பில் ஒரு சின்னக் கதை இருக்கிறது. கை நடுங்கும் தாத்தா சூப்பைச் சிந்துகிறார் என்று மகனும் மருமகளும் அவரை அடுப்புக்குப் பின்னால் ஒரு மூலையில் உட்காரவைத்து மரக் கிண்ணத்தில் சாப்பாடு போடுகிறார்கள். நாலு வயதுப் பேரன் மரத்துண்டுகளைப் பொறுக்கிச் சேர்க்கிறான். என்னடா செய்கிறாய் என்று கேட்டால், "நான் பெரியவனானதும் அம்மாவும் அப்பாவும் சாப்பிடறதுக்குத் தொட்டி செய்யறேன்" என்கிறான். நம் ஊர்களில் மண்சட்டியை வைத்து இதே கதையைச் சொல்வார்கள். இதைப் பெரியவர்களும் கூட இருக்கும்போது சொல்லுங்கள், நமக்கும்தான் அது.

மிருகக் கதைகள் பற்றி ஒரு செய்தி. டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்துகொள்வதைப் பற்றிய கதை ஒன்றை வாசித்துக் காட்டினார்கள். சிலருக்கு அதில் மனிதர்கள், சிலருக்கு அதே கதையில் மனிதர்போல் நடக்கும் மிருகங்கள். பிறகு தங்களிடம் இருந்த ஸ்டிக்கர்களைப் பெயர் தெரியாத இன்னொரு குழந்தைக்குக் கொடுக்கச் சொன்னபோது, மனிதர் கதை கேட்டவர்கள் முன்பைவிட அதிகம் கொடுத்தார்கள், மிருகக் கதை கேட்டவர்கள் அப்படிக் கொடுக்கவில்லை. இது 2017-ல் வெளியானது. அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2014-ல் வந்த இன்னோர் ஆய்வு உண்மை பேசுவதைப் பற்றியது: பொய் சொன்னால் என்ன ஆகும் என்று பயமுறுத்தும் கதைகள் பலன் தரவில்லை, உண்மை சொன்னவனைப் பாராட்டும் கதை பலன் தந்தது. இதற்காக முயலையும் ஆமையையும் தூக்கிப்போட வேண்டாம். மிருகக் கதை இரண்டு சொன்னால் மனிதர் கதையும் குறைந்தது இரண்டு சொல்லுங்கள், பயமுறுத்தலைக் குறையுங்கள்.

சொல்லும்போது

பெயர்களை மாற்றாதீர்கள். ஹுங்புவை ராமு என்று ஆக்கிவிட்டால் எளிதாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பெயரை வாய் நிறையச் சொல்லிப் பழகிய குழந்தைக்கு நாளை வகுப்பில் புதுப் பெயரோடு ஒருவர் வரும்போது அது விசித்திரமாகத் தெரியாது. 'ஆப்பிரிக்காக் கதை' என்று மொத்தமாகச் சொல்லாமல் கானா, அகான் மக்கள் என்று இடம் சொல்லுங்கள், உலகப் படத்தில் விரல் வைத்துக் காட்டுங்கள். அங்கே இன்றைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், கால்பந்து விளையாடுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காடும் குடிசையும் மட்டும் மனதில் தங்கிவிடும். சில சமூகங்களில் கதைக்கு என்று நேரம் உண்டு: அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ மக்கள் கயோட்டி (ஓநாய் இனத்துக் காட்டு விலங்கு) கதைகளைக் குளிர்காலத்தில் மட்டும்தான் சொல்வார்கள். அதையும் குழந்தையிடம் சொல்லி, நாமும் அப்படியே காத்திருந்து சொன்னால், மற்றவர் வழக்கத்தை மதிப்பது எப்படி என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருக்காது.

பழைய கதைகளில் திருத்தியே ஆக வேண்டிய இடங்கள் உண்டு. ஜெர்மனியின் ஹோல்லே அம்மா கதை தெரிந்திருக்கும்: கிணற்றுக்குள் விழுந்த பெண் அடியில் வேறொரு உலகத்தைப் பார்க்கிறாள், அடுப்பில் கருகப்போகும் ரொட்டி "என்னை வெளியே எடு" என்கிறது, பழம் தாங்காத ஆப்பிள் மரம் "என்னை உலுக்கு" என்கிறது, அவள் இரண்டையும் செய்துவிட்டு ஹோல்லே அம்மாவின் வீட்டில் வேலை பார்த்துத் திரும்பும்போது மேலே பொன் கொட்டுகிறது. இன்னொருத்தி எதற்கும் நிற்காமல் போகிறாள், அவள்மேல் தார் மாதிரியான கீல் கொட்டுகிறது. பழைய பிரதியில் முதல் பெண் அழகி, மற்றவள் அழகில்லாதவள். அந்த 'அழகு' என்ற சொல்லை அப்படியே எடுத்துவிடுங்கள். கறுப்புக் கீல் உடம்பில் ஒட்டி அசிங்கமானாள் என்பதையும் நிறத்தைப் பற்றிப் பேசாமல் 'பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது' என்று சொன்னால் போதும். நிறத்தைச் சொல்லி நம் வீடுகளில் பெண் குழந்தைகளை எவ்வளவு நோகடிக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும், கதையும் சேர்ந்து நோகடிக்க வேண்டாம். சித்தி என்றாலே கொடுமைக்காரி என்பதும் அப்படித்தான். கேட்கிற பிள்ளைகளில் ஒன்று சித்தியிடம் வளர்கிற பிள்ளையாக இருக்கலாம், "அந்த வீட்டு அம்மா" என்று சொல்லிவிட்டுப் போகலாமே.

இதே கதை வங்காளத்தில் சுகு, துக்கு என்று இருக்கிறது. துக்குவின் பஞ்சைக் காற்று அடித்துக்கொண்டு போக, அதைத் தேடி ஓடும் வழியில் பசு கொட்டிலைச் சுத்தம் செய்யச் சொல்கிறது, வாழைமரம் தன்மேல் படர்ந்த கொடிகளை எடுக்கச் சொல்கிறது, குதிரை புல் கேட்கிறது, கடைசியில் நிலாவின் அம்மாவான கிழவி நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். (முடிவு பயங்கரம், பேராசைக்காரச் சுகுவைப் பெட்டியிலிருந்து வரும் பாம்பு விழுங்கிவிடும். சின்னக் குழந்தைகளுக்கு அதைத் தவிர்த்துவிடலாம்.) இந்தோனேசியாவில் பாவாங் மேரா, பாவாங் பூத்தே: சிவப்பு வெங்காயம், வெள்ளைப் பூண்டு என்று பெயர் வைத்த இரண்டு பெண்கள், ஆற்றில் துணியைத் தவறவிடுதல், ஒரு கிழவி, பெரிய பூசணி வேண்டுமா சின்னப் பூசணி வேண்டுமா என்ற கேள்வி. இந்த மூன்றையும் ஒரே வாரத்தில் சொல்லுங்கள். ரொட்டியை எடுக்கும்போதும் வாழையைச் சுத்தம் செய்யும்போதும் யாராவது பார்த்துக்கொண்டிருந்தார்களா என்று கேளுங்கள். யாரும் பார்க்காதபோது செய்தது என்பது அந்த இரண்டிலும் ஒன்றுபோல் இருக்கிறது, பரிசுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

சொன்ன பிறகு

கசா ஜிஸோவுக்கு ஆறு கூழாங்கல், ஐந்து காகிதத் தொப்பி. அவ்வளவுதான் பொருள். கல்லை வரிசையாக வைத்துத் தொப்பி போட்டு விளையாடட்டும், ஆறாவதுக்கு என்ன செய்வது என்று நீங்கள் சொல்லாதீர்கள். கைக்குட்டை, இலை, தன் தலையிலிருந்த கிளிப் என்று ஏதோ ஒன்று வரும். "என் தொப்பியைத் தர மாட்டேன்" என்று ஒரு குழந்தை உறுதியாகச் சொன்னால், "சரி, தர மனசில்லை, அப்போ அந்தக் கல்லுக்கு வேற என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேளுங்கள். உள்ளதை உள்ளபடி சொன்ன குழந்தையை வெட்கப்படவைத்தால் அடுத்த முறை நமக்குப் பிடித்த பொய்யைச் சொல்லும்.

குழந்தை தப்பு செய்த நேரத்தில் கதையை எடுத்து அடிக்கவே கூடாது. "பார்த்தியா, நீயும் நோல்பு மாதிரிதான்" என்று ஒரு முறை சொன்னால் போதும், அந்தக் கதை அன்றோடு செத்துவிடும். அன்பாக நடந்துகொண்ட நேரத்தில் தாராளமாக நினைவுபடுத்தலாம்: பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஊஞ்சலில் இடம் கொடுத்தபோது "கையுறைக்குள்ள இன்னும் ஒருத்தருக்கு இடம் இருந்துச்சுபோல" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்ளும்.

புத்தகம் வேண்டுமானால், பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் நிறையக் கதைகள் இலவசமாக இருக்கின்றன, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவையும் உண்டு. சென்னையில் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் படப் புத்தகங்கள் போடுகிறது. ஆனால் புத்தகத்தைவிட நல்ல வழி ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது எத்தனையோ பள்ளிகளில் வங்காளம், ஒடிசா, பீகார், அசாம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். சுகு, துக்கு கதையை நீங்கள் சொல்லிவிட்டு, வங்காளத்திலிருந்து வந்த அந்தப் பெண் குழந்தையிடம் "உங்க பாட்டி இதை எப்படிச் சொல்வாங்க?" என்று கேளுங்கள். அவள் அம்மாவிடம் சொல்லி ஊரிலிருக்கும் பாட்டியின் குரலை ஃபோனில் பதிவு செய்து வாங்கிவரச் சொல்லலாம், வங்காளம் புரியாவிட்டாலும் வகுப்பு முழுக்க உட்கார்ந்து கேட்கும், அவள்தான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்வாள். அதுவரை தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுகிறவளாக மட்டும் தெரிந்த அவளிடம் மற்றப் பிள்ளைகள் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். ஆனால் எல்லார் முன்னாலும் திடீரென்று எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள், முதல் நாளே தனியாகக் கேட்டு, விருப்பம் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.